வாசல் இல்லாத சேலைக்கடை

எங்கள் ஆட்களில் எவரும் சேலையைக் கடைக்குள் நின்று வாங்குவதில்லை. கடைக்குள் பார்ப்பார்கள், பிரிப்பார்கள், தோளில் போட்டுக் கண்ணாடி முன் திரும்புவார்கள், விற்கிற பெண்ணின் பொறுமைக்குப் பரீட்சை வைப்பார்கள். வாங்குவது என்று மனம் சாய்ந்ததும் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். மலேசியாவில், ஜொகூர் பாருவின் பழைய கடைத்தெருவில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு, அதை அஞ்சடி என்போம். அந்த அஞ்சடியின் விளிம்பில் நின்று, முந்தானையை வெயிலில் நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்கள். உள்ளே பட்டுப்போல இருந்த சேலைகள் பல அந்த இடத்தில்தான் மானத்தை இழந்திருக்கின்றன.

என் அம்மா இந்த வித்தையில் பட்டம் வாங்காத பேராசிரியர். பக்கத்து ஊரான கூலாயில், எங்கள் வட்டாரத்துப் பெண்கள் சேலை எடுக்கப் போனால் அம்மாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போவார்கள். அம்மா அஞ்சடியில் நின்று உதட்டைப் பிதுக்கினால் அந்தச் சேலை அன்றைக்கு விற்காது. கடைக்காரர்கள் அம்மாவைக் கண்டதும் சிரித்துக்கொண்டே நாற்காலி போடுவார்கள். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

எங்கள் கோயில் மாதர் குழுவுக்கும் அம்மாதான் தலைவி. கோயில் என்று நான் சொல்வது தேவாலயத்தை, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். திருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும் குழுவில் பதினாலு பேரும் ஒரே நிறத்தில் சேலை கட்ட வேண்டும், அந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பது அம்மா. பாதரின் பிரசங்கத்தைக்கூடக் காபி குடிக்கும்போது விமர்சிக்கிற பெண்கள், அம்மா எடுத்த சேலையைப் பற்றி வாய் திறந்ததில்லை. அம்மாவுக்கு அந்தக் குழுவில் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

இப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்த நான் செய்கிற தொழில், துணிக்கடைகளுக்கு விளக்கு அமைப்பது. எந்தப் பொம்மைமேல் எத்தனை வெளிச்சம், எந்தச் சுவர் இருட்டாக இருக்க வேண்டும், உடை மாற்றும் அறையில் விளக்கை எந்தக் கோணத்தில் வைத்தால் வாடிக்கையாளர் இரண்டு கிலோ இளைத்துத் தெரிவார், இதெல்லாம் என் வேலை. அம்மாவுக்கு இதை விளக்கிச் சொல்லி நான் களைத்துப் போனேன். "லைட்டு மாட்டுறா" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். அதன் பலனாக, பக்கத்து வீட்டு அங்கிள் இரண்டு முறை தன் காற்றாடியைப் பழுது பார்க்க என்னைக் கூப்பிட்டார். ஒரு முறை போய்ப் பார்த்தும் கொடுத்தேன், பாவம், வெக்கை.

பல வருடம் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு விளக்கு வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே எல்லோரும் கறுப்புச் சட்டைதான் போடுவார்கள், துக்க வீட்டுக்குப் பந்தல் போடப் போகிறவர்கள் மாதிரி. என் முதலாளி 'வெளிச்சத்தை எவன் வேண்டுமானாலும் விற்பான், நாம் விற்பது இருட்டை' என்பார். அதைக் கேட்டு நாங்கள் தலையாட்டுவோம். மேற்கூரைக்குக் கறுப்பு அடிப்போம், நாலு ஸ்பாட் லைட்டைத் தொங்கவிடுவோம், இரண்டு ஜீன்ஸும் ஒரு கைப்பையும் இருக்கும் கடையை நகைக்கடைபோல ஆக்கிவிடுவோம். ஒரு கட்டத்தில், அடுத்தவர் பெயரில் இருட்டு விற்றது போதும் என்று வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். அம்மா ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. சிங்கப்பூர் வேலையை விட்டவள் என்பது எங்கள் பக்கம் ஏறக்குறைய ஒரு நோய்.

அப்போதுதான் சேலைக்கடை அக்கா ஒருவர் என்னைத் தேடி வந்தார். பழைய கடைத்தெருவில் அவர் கடை ரொம்பப் பேர் போனது, எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் சேலை அங்கேதான். கட்டிடத்துக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டதால், அக்கா ஒரு மாலுக்குள் இடம் பிடித்திருந்தார். கீழ்த்தளம். நாலு பக்கமும் சுவர், மேலே இன்னும் மூன்று மாடி. சூரியன் அந்த இடத்தைக் கனவில்கூடக் கண்டிருக்காது.

"எல்லாம் உன் இஷ்டம்மா," என்றார் அக்கா. "சிங்கப்பூர்லலாம் செஞ்சவ, உனக்கு நான் சொல்லணுமா. ஒண்ணே ஒண்ணுதான். இங்க வாசல் கிடையாது. சேலைய வெளிச்சத்துல பாக்கணும்னு எந்தப் பொம்பளையும் என்கிட்ட கேக்கக்கூடாது. அவங்களுக்கு அந்த நெனப்பே வரக்கூடாது. முடியுமா?"

"அதெல்லாம் முடியும் அக்கா," என்றேன். எனக்கு முன்னால் ஒரு பெரிய சுவரும் என் பெயரில் முதல் வேலையும் இருந்தன. அவர் சொன்னது என் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை.

விளக்கு வாங்கும்போது பெட்டியில் ஒரு எண் போட்டிருப்பார்கள். எண் குறைந்தால் வெளிச்சம் மஞ்சளாக இருக்கும், கூடினால் வெள்ளையாக, பகல்போல. நான் எடுத்தது நல்ல மஞ்சள். தோல் பையும் கைக்கடிகாரமும் விற்கிற கடைகளுக்குப் போட்டுப் பழகிய கை. மேற்கூரைக்குக் கறுப்பு அடித்தேன். அலமாரிகளுக்கு நடுவே வேண்டுமென்றே இருட்டு விட்டேன். சரிகை போட்ட சேலைகள்மேல் மட்டும் குறுகலாக வெளிச்சத்தைப் பாய்ச்சினேன். மால் திறப்பதற்கு முன் காலையில் ஏணியில் ஏறி ஒவ்வொரு விளக்கையும் நானே திருப்பினேன். முடித்து இறங்கிப் பார்த்தபோது சரிகை தணல்போல இருந்தது. என் கண்ணே கலங்கிவிட்டது. தொழிலில் தன் வேலையைப் பார்த்துத் தானே அழுகிறவரை நம்பக்கூடாது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

திறப்பு விழா அன்று வந்த முதல் பெரியவர் வாசலில் நின்று, "என்னம்மா, கரண்டு இல்லையா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். பாமரர், போகட்டும் என்று நினைத்தேன்.

மறுவாரம் அம்மா தன் படையோடு வந்தார். கோயில் திருவிழாவுக்கு யூனிபார்ம் சேலை. பதினாலு பெண்கள், மூன்று வண்டி. நானும் அக்காவோடு நின்றிருந்தேன். அம்மா சந்தன நிறத்தில் ஒரு சேலையைப் பிரித்தார், மெல்லிய கரை, சின்னப் பூ. என் விளக்கடியில் அது அப்படியே அரைத்தெடுத்த சந்தனம். எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. குழுவில் தையல் தொழில் செய்கிற ஓர் ஆண்டி உண்டு, நிறத்தில் கெட்டிக்காரி, அம்மாவுக்கு அடுத்து அவர்தான். அவர் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, "எதுக்கும் மேல போயி வெளிச்சத்துல ஒரு தடவ பாத்திரலாமா?" என்றார்.

அம்மா அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"இது என் மக போட்ட லைட்டு," என்றார். "இங்க பாத்தா போதும். ஒருத்தரும் மேல போக வேணாம்."

ஆயுசு முழுக்க அஞ்சடியை நம்பி வாழ்ந்தவர். யார் கடையிலும், எந்த விளக்கையும், எந்த விற்பனைப் பெண்ணின் சத்தியத்தையும் நம்பாதவர். பதிமூணு பேருக்கு முன்னால் என் விளக்கை நம்பினார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எனக்கு அப்போது பெருமையில் காலே தரையில் படவில்லை. சிங்கப்பூர் வேலையை விட்டதற்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

திருவிழா அன்று பூசைக்கும் பவனிக்கும் அம்மா காலையிலேயே அறைக்குள் போய்ச் சேலை கட்டிக்கொண்டார். அந்த அறைக்கு, பாசத்தில், அதே மஞ்சள் விளக்கைத்தான் போட்டுக் கொடுத்திருந்தேன். திரைச்சீலை மூடியிருந்தது. வெளியே வந்து அம்மா வாடகை வண்டியில் ஏறினார், நான் முன்னால் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தேன். கோயில் வளாகத்தில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன்.

சந்தனம் எங்கே போனதோ தெரியவில்லை. வெயிலில் அந்தச் சேலை வெளிறிய பச்சையாக நின்றது. சந்தனத்துக்கும் பச்சைக்கும் நடுவே அந்த நூலில் ஒரு ரகசியம் இருந்திருக்கிறது, என் மஞ்சள் விளக்கு அதை மூடி வைத்திருக்கிறது. வளாகத்தில் ஏற்கெனவே பதிமூணு பேர் பச்சையாக நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் வீட்டிலேயே தெரிந்திருக்கிறது. தன்னுடையது மட்டும்தான் நிறம் மாறி வந்துவிட்டது என்று ஒவ்வொருத்தரும் நினைத்திருக்கிறார்கள். அம்மா எடுத்த சேலையில் குறை சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. வந்து பார்த்தால் எல்லோரும் ஒரே நிறம். யூனிபார்ம் என்றால் இதுவல்லவா யூனிபார்ம்.

"அலமாக்," என்றாள் யாரோ ஒரு பிள்ளை சத்தமாக. "ஆண்டிங்கள்லாம் பச்சப் பாண்டான் கேக் மாதிரி இருக்காங்க."

சிரிப்பு ஒரு ஓரத்தில் தொடங்கி வளாகம் முழுக்கப் போயிற்று. பாதர்கூட மேலங்கியைச் சரி செய்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். மாதா சுரூபத்துக்கு நீலமும் வெள்ளையும் ஜோடித்திருந்தார்கள், பின்னால் இரண்டு வரிசையாகப் பதினாலு பாண்டான் கேக் நடந்து போயின. தையல்கார ஆண்டி வாய் திறக்கவில்லை. திறக்கத் தேவையும் இல்லை, அவர் அம்மாவுக்குப் பக்கத்திலேயே நடந்தார்.

அம்மா பவனி முழுக்கத் தலை நிமிர்ந்துதான் நடந்தார். ஜெபமாலையை மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து சேலையை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். திட்டியிருந்தால் திருப்பி நாலு பேசி, அழுது, சோறு போட்டுச் சாப்பிட்டிருப்போம். "சோறு ஆறுது, வந்து சாப்பிடு" என்று மட்டும் சொன்னார். எனக்கு நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. இரண்டு வாரம் கழித்து, கிறிஸ்துமஸ் சேலையைத் தையல்கார ஆண்டி பார்க்கட்டும் என்று கூட்டத்தில் யாரோ மெதுவாகச் சொன்னார்களாம், அம்மா சரி என்று சொல்லிவிட்டாராம். இதையும் அம்மா சொல்லவில்லை, பக்கத்து வீட்டு அங்கிள் சொன்னார்.

விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுந்தவள் என்று பழமொழியில் வருகிறவள் நான்தான். கூடவே அம்மாவையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தேன்.

அதற்குள் அக்காவின் கடையில் வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் வாசலைத் தாங்களே கண்டுபிடித்துவிட்டார்கள். மாலில் வெயில் விழுகிற ஒரே இடம் மேல்மாடி கார் நிறுத்துமிடம். சேலையைத் தூக்கிக்கொண்டு மின்படியில் ஏறி, சாப்பாட்டுக் கடைகளைக் கடந்து, மேலே போனார்கள். கடை வாசலைத் தாண்டும்போதே காசு கட்டாத துணி என்று அலாரம் அலறியது. மலாய்க்காரக் காவலாளி ஓடி வருவார், "மாக்சிக், பாயார் பெலும்?" என்று காசு கட்டியாச்சா என்பதுபோல் கையைக் காட்டுவார். "லைட்டு பாக்கப் போறேன் லா!" என்று பதில் வரும். கடைசியில் அக்கா ஒரு ஏற்பாடு செய்தார், ஒவ்வொரு வாடிக்கையாளரோடும் ஒரு விற்பனைப் பெண் துணைக்குப் போக வேண்டும். கல்யாணப் பட்டு எடுக்கிற நாட்களில் கடையைக் கவனிக்க ஆளில்லை, எல்லோரும் கார்களுக்கு நடுவே நின்றிருந்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் நின்று பார்த்தவர்களில் பாதிப் பேர் சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா என்னைக் கூப்பிட்டுக் கத்தவில்லை. எனக்கு வாய்த்த பெண்கள் எல்லோரும் அப்படி. "ஒரே ஒரு விஷயந்தான் கேட்டேன்," என்றார். அதோடு தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலை பழைய கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே இன்னும் இரண்டு சேலைக்கடைகள் இருந்தன. எதிரே ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, தே தாரிக் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, அஞ்சடியைப் பார்த்தேன். மூன்று காலை பார்த்தேன். காப்பிக் கடைக்காரர் என்னைக் கடன் வசூலிக்க வந்தவள் என்று நினைத்தாரோ என்னவோ, மூன்றாம் நாள் தானாகவே ரொட்டி சானாய் கொண்டுவந்து வைத்தார்.

நான் முதலில் பார்த்தது வெளிச்சத்தை. கடைக்குள் நாங்கள் தலைக்கு மேலிருந்து விளக்குப் போடுகிறோம். அஞ்சடியில் வெளிச்சம் மேலிருந்து வருவதில்லை, கூரை மறைக்கிறது. தெருவிலிருந்து, முன்பக்கமாக, முகத்துக்கு நேராக வருகிறது. சேலை நிறம் மட்டுமல்ல, கட்டப்போகிறவளின் முகமும் அங்கே ஒழுங்காகத் தெரிகிறது. கண்ணுக்குக் கீழே நிழல் விழுவதில்லை. எத்தனையோ கடைகளுக்கு விளக்குப் போட்ட எனக்கு இது ஒரு காப்பிக் கடை நாற்காலியில்தான் உறைத்தது.

இரண்டாவதாக ஒன்றைப் பார்த்தேன், அதுதான் என்னைச் சிரிக்க வைத்தது. நிறம் பார்க்க அவர்களுக்கு ஐந்து விநாடி போதும். மிச்ச நேரம் முழுக்கப் பேச்சு. விற்கிற பெண் படியைத் தாண்டி வருவதில்லை, உள்ளேயே நிற்பாள், அது எழுதாத சட்டம். அந்த ஐந்தடி இடத்தில்தான் மாமியார் மருமகளிடம், "உங்கம்மாவுக்கு எடுக்கறதுன்னா இது போதும்" என்றார். ஒரு தாய் மகளிடம், "அவ ரொம்பப் பேசுறா, நீ முகத்த காட்டாத" என்றார். ஒரு கணவர் சேலையைப் பார்க்காமல் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார். ஒருத்தி யாருக்கோ போன் போட்டு, படம் அனுப்பி, சண்டை போட்டு, சமாதானமாகி, உள்ளே போய் வாங்கினாள். வெளிச்சம் ஒரு சாக்கு. கடைக்காரி காதில் விழாமல் நாலு வார்த்தை பேசத்தான் அத்தனை பேரும் வெளியே வருகிறார்கள். அம்மா உதட்டைப் பிதுக்கும்போது கூட வந்தவளிடம் மெதுவாக என்னென்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். எனக்கு அம்மாவை உடனே பார்க்க வேண்டும்போல இருந்தது.

நேராக அக்காவிடம் போனேன். "அக்கா, ஒரு வாசல் கட்டுறேன்," என்றேன்.

"எங்க கட்டுவ? செவுத்த இடிச்சா பக்கத்துல செருப்புக் கடை."

"கடைசில. உள்ள."

கடையின் கோடியில், ஐந்தடி அகலத்துக்கு இரண்டு அலமாரியை எடுத்துவிட்டேன். தரையில் மட்டும் வேறு ஓடு, சாம்பல் நிறச் சிமெண்டு ஓடு, கால் வைத்ததும் வெளியே வந்துவிட்டதுபோல இருக்கட்டும் என்று. எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கும் மேலாக, ஒரு கதவு அளவுக்கு வெள்ளைத் துணி இழுத்துக் கட்டி, அதற்குப் பின்னால் பகல் வெளிச்ச விளக்குகளை நெருக்கி வைத்தேன். நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டுகிற நல்ல ரகம், இந்த முறை ஒவ்வொரு பெட்டியையும் நானே திறந்து பார்த்தேன். ஒரு துண்டு பாண்டான் கேக் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு, கார் நிறுத்துமிடத்துக்கும் கீழ்த்தளத்துக்குமாக எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. காவலாளி என்னைக் கண்டால் சல்யூட் அடிக்கிற நிலைக்கு வந்துவிட்டார். மேலே பச்சை, கீழேயும் அதே பச்சை என்று ஆகும் வரை விடவில்லை. கடை முழுக்க இருந்த கறுப்புக் கூரைக்கு வெள்ளையடித்தேன். கறுப்புச் சட்டையையும் அன்றோடு விட்டேன்.

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டேன். அந்தச் சாம்பல் ஓட்டில் விற்கிற பெண்கள் கால் வைக்கக் கூடாது.

அக்கா பதறிவிட்டார். "உள்ள போயி வேணாம்னு முடிவு பண்ணிட்டா?"

"அங்கயும் அப்படித்தான் அக்கா முடிவு பண்ணாங்க. அஞ்சடியில நீங்க போய் நின்னீங்களா?"

அக்கா தானே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து அங்கே போட்டார். எனக்கு அந்த நாற்காலியின் நிறம் பிடிக்கவில்லை, ஆனால் வாயை மூடிக்கொண்டேன்.

முதல் வாரத்திலேயே கார் நிறுத்துமிடத்துக்குப் போகிற கூட்டம் குறைந்தது. அலாரமும் ஓய்ந்தது, காவலாளிக்கு வேலை இல்லாமல் போனது. சாம்பல் ஓட்டில் மாமியாரும் மருமகளும் குசுகுசு என்று பேசுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு இனிக்கும். ஆனால் கல் இறங்கவில்லை. ஊரெல்லாம் வந்து நின்றாலும் வர வேண்டியவர் வரவில்லை. வீட்டில் நான் கடையைப் பற்றிப் பேச்செடுத்தால் அம்மா மீன் வாங்கிய கதைக்குப் போய்விடுவார்.

நவம்பர் நடுவில் தையல்கார ஆண்டிக்கு முட்டி வலி. பழைய கடைத்தெருவில் ஏறி இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸ் சேலை பொறுப்பு திரும்பவும் அம்மாவிடமே வந்தது, குழு ஒட்டிவிட்ட ஒரு சின்ன வாலோடு: "எடுங்க சிஸ்டர், ஆனா வாசல்ல வச்சிப் பாத்துட்டு எடுங்க." அம்மா இதையும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு வார நாள் காலை, நான் கடையில் இரண்டு விளக்கு மாற்றிக்கொண்டு ஏணியில் இருந்தேன். அம்மா தனியாக உள்ளே வந்தார். கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, வங்கிக்கு வந்தவர்போல.

பழைய தெருவுக்குப் போயிருக்கலாம். அங்கே உண்மையான வாசல், உண்மையான வெயில், குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அதை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தார். இன்னொரு தடவை நிறம் மாறினால், அந்தக் குழுவில் அம்மா இனி நாற்காலி எடுத்துப் போடத்தான் லாயக்கு. இறங்கவும் தெரியவில்லை, கூப்பிடவும் தெரியவில்லை.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு மணி நேரம் பிரித்தார், மடித்தார். கடைசியில் மாதுளை நிறத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு சாம்பல் ஓட்டுக்குப் போனார். வெள்ளை வெளிச்சத்தில் முந்தானையை நீட்டி, ஒரு கண்ணைச் சுருக்கினார். பேச யாரும் கூட இல்லை. ஆனாலும் உதடு மெல்ல அசைந்தது, மாதாவிடம் கேட்டாரோ என்னவோ. பிறகு வந்து அந்த ஒரு சேலைக்கு மட்டும் காசு கட்டி, பையை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். அலாரம் அடிக்கவில்லை.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஏணியிலிருந்து இறங்கி அம்மா பின்னாலேயே போனேன். வீட்டுக்குப் போகிற பேருந்து கீழ்த்தளத்தை ஒட்டி, வெயில் எட்டாத கூரை நிறுத்தத்தில் நிற்கும். அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. மின்படியில் ஏறினார். சாப்பாட்டுக் கடைகளைக் கடந்தார். இன்னொரு மின்படி. காவலாளி அம்மாவுக்குக் கதவைத் திறந்துவிட்டு எனக்குச் சல்யூட் அடித்தார்.

கார் நிறுத்துமிடத்தில் பதினோரு மணி வெயில். அம்மா ஒரு வேனுக்குப் பக்கத்தில் நின்று, பையைக் கீழே வைத்து, சேலையை உருவி நீட்டிப் பிடித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அழுகையும் வந்தது. அத்தனை பேர் நம்பினார்கள், இவருக்கு மட்டும் போதவில்லை. அதுவும் வாங்கி, காசு கட்டி, பில்லும் கையில் இருக்கும்போது.

"வாங்கிட்டு எதுக்கும்மா பாக்குற?" என்று கத்தினேன். "இனி பச்சையா இருந்தா என்ன, நீலமா இருந்தா என்ன? சேலைய இங்க பாக்கறதுன்னா வாங்குறதுக்கு முன்னாடியே பாத்திருக்கலாமுல்ல?"

அம்மா திரும்பவில்லை. முந்தானையை வெயிலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார். அது மாதுளையாகவே இருந்தது.

"சேலைய யாருடி பாத்தா?" என்றார். "நான் உன் லைட்ட பாத்தேன்."

அம்மா சேலையை நிதானமாக மடித்துப் பைக்குள் வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தன் முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன நின்னுட்டிருக்க? கீழ போயி, மிச்சம் பதிமூணையும் எடுத்து வைக்கச் சொல்லு."